பாஞ்சாலியின் குரலும் மும்பைப் பொருட்காட்சியும்

"மிக்ஸர்" என்ற சொல் காதில் விழுந்ததும் நேயர்களில் பெரும்பாலோருக்கு நாவில் ஜலம் ஊறும். காராபூந்தியும் ஓமப்பொடியும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த அந்தப் பண்டத்தைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே சொல்லப் போவது வேறொரு மிக்ஸர். அதில் கலக்கப்படுபவை மனிதர் குரலும் வாத்தியங்களின் நாதமும். பண்டத்தில் உப்புக் கூடினால் ஒரு வீட்டார் முகம் சுளிப்பார்கள். இந்த மிக்ஸரில் ஒரு திருகு கூடினால் ஒரு கிராமமே காதைப் பொத்திக்கொள்ளும். அப்படி ஒரு கிராமம் காதைப் பொத்திக்கொண்ட இரவிலேதான் இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டாயிற்று.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஓர் இரவு

திருவள்ளூர் ஜில்லாவின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது பள்ளிப்பட்டு. எல்லைக் கிளர்ச்சிக்குப் பிறகு 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த திருத்தணி வட்டாரம் இது. கொசஸ்தலை ஆறு ஆந்திரத்திலிருந்து இவ்வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. தெருவில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசி நடக்கும். பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் விசைத்தறிகள் நாள் முழுதும் ஓடுகின்றன. இங்குள்ளவர்களின் காதுகள் ஓசைக்குப் பழகினவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் திரௌபதியம்மன் உத்ஸவம் என்றால் சாமானியமல்ல. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ஜுனன் தபசு, துகிலுரிதல், கர்ண மோட்சம் என்று வரிசையாக நடந்து, கடைசியில் மண்ணினால் செய்த துரியோதனன் படுகளத்தில் விழுந்ததும் தீமிதியோடு முடியும். ஒரு சித்திரை மாதம், உறவினர் ஒருவரின் அழைப்பின் பேரில் அப்படி ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அன்று துகிலுரிதல் கூத்து.

கூத்து எட்டு மணிக்கே தொடங்கிவிட்டது. முன்காலத்தில் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துச் சூரியோதயம் வரையில் நடப்பது வழக்கம். இப்போது ஒலிபெருக்கிச் சட்டம் இருக்கிறதல்லவா? விசேஷ அனுமதி பெற்றும் நள்ளிரவு வரையில்தான் ஒலிபெருக்கி. ஆகவே முக்கியமான கட்டங்களை அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று உத்ஸவக் கமிட்டியார் தீர்மானித்திருந்தார்கள்.

மேடைக்கு மேலே மூன்று மைக்குகள் தொங்கின. பின்னால் பெஞ்சியில் ஹார்மோனியம், முகவீணை, டோலக்கு, தாளம். பந்தலின் நான்கு மூலைகளிலும் கூம்புக் குழாய்கள். இருபுறமும் ஆள் உயரப் பெட்டிகள். பாஞ்சாலி வேஷக்காரர் சபையைப் பார்த்து நியாயம் கேட்கும் இடம் வந்தது. அவர் இரண்டடி முன்னே வந்தார். குரல் மைக்கை விட்டு விலகிற்று. மைக் செட்காரர் திருகை ஏற்றினார். உடனே குழாய்கள் நான்கும் ஒரே ஸ்வரத்தில் ஊளையிட்டன. குழந்தைகள் வீரிட்டு அழுதன. திருகை இறக்கினார், டோலக்கு மட்டும் கேட்டது. ஏற்றினார், மறுபடியும் ஊளை. துச்சாதனன் சேலையை இழுத்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லுகிறாள் என்பது அந்தக் கிருஷ்ணபரமாத்மாவுக்குத்தான் வெளிச்சம்.

மணி பன்னிரண்டு அடித்தது. ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேடையை நோக்கி நெருங்கி வந்தார்கள். அரை வட்டமாக உட்கார்ந்தார்கள். நிசப்தம். வேஷக்காரர் அடித் தொண்டையிலிருந்து ஒரு விருத்தம் எடுத்தார். கடைசி வரிசை வரையில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி தன் பேத்தியிடம், "இம்மா நேரம் குழாயிதான் கத்திச்சு, இப்பத்தான் பாஞ்சாலி பேசறா!" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குக் கேட்டதுபோலவே, எங்களுக்கு நாலடி தூரத்தில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த மைக் செட்காரருக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் வாடியதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

மைக் செட்காரரின் மனக்குறை

மறு நாள் காலை டீக்கடையில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, நேற்று அந்த அம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். என் தகப்பனார் காலத்தில் இரண்டு குழாயும் ஒரு ஆம்ப்ளிபயரும்தான். அதை வைத்துக்கொண்டே ஊரை மயக்கினார். இன்றைக்கு என்னிடம் நாற்பது பெட்டி இருக்கிறது, ஒரு கிழவியைத் திருப்தி செய்ய முடியவில்லை" என்றார்.

அவருடைய கஷ்டம் சாமானியமல்ல. கமிட்டியார் கேட்பதோ "போன வருஷத்தைவிடப் பெரிய சத்தம்". போலீஸார் சொல்வதோ "குழாயைக் கழற்று". கூத்து வாத்தியார், "எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை" என்கிறார். ஒரே பிள்ளை, அவனும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். "இந்த ஊளைத் தொழில் எனக்கு வேண்டாம், அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"மும்பையில் வைகாசியில் ஒரு பொருட்காட்சி நடக்கிறதாம். புது மிக்ஸர்களெல்லாம் வருமாம். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகும் சரிப்படாவிட்டால் செட்டை விற்றுவிடுகிறேன்" என்றார். அப்படி அவர் சொன்னபோது, ஒரு மனிதர் தம்முடைய ஆயுட்காலத் தொழிலை ஒரு ரயில் டிக்கெட்டின் மேல் பந்தயம் கட்டுகிறார் என்று எனக்குத் தோன்றிற்று.

பெரிய ஓசையின் பூர்வோத்தரம்

அவர் மும்பை போய் வருவதற்குள் இந்தச் சாதனங்களின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1915-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜென்ஸன், பிரிதம் என்ற இருவர் தாங்கள் செய்த ஒலிபெருக்கியைத் திரளான ஜனங்களுக்கு முன் இயக்கிக் காட்டினார்கள். நான்கு வருஷத்துக்குப் பிறகு, 1919-ல், ஜனாதிபதி வில்ஸன் ஸான் டீகோவில் அதே மாதிரியான சாதனத்தைக் கொண்டு சுமார் ஐம்பதாயிரம் பேரிடையே பேசினார். உரத்த சாரீரம் இல்லாதவனும் பெருங்கூட்டத்தில் பேசலாம் என்பது அன்று நிச்சயமாயிற்று.

நம் தேசத்தில் இந்தச் சாதனம் சுதந்திரப் போராட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது. பழைய படங்களில் மகாத்மாவுக்கும் ஜவாஹர்லாலுக்கும் முன்னால் இருக்கும் மைக்கில் "சிகாகோ ரேடியோ" என்ற எழுத்துக்களைப் பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்து அமெரிக்கச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அது மோட்வானி குடும்பத்தார் நடத்திய இந்திய ஸ்தாபனம். காந்தியடிகளின் மெல்லிய குரல் லட்சக் கணக்கானவர்களை எட்டுவதற்கு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நானிக் மோட்வானி செய்த உதவி பெரிது. 1942-ல் உஷா மேத்தா முதலியோர் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ சம்பந்தமாக அவரும் கைதாகி, வழக்கில் நின்று, பிறகு விடுதலை பெற்றார். டில்லியில் 1940-ல் தொடங்கிய அஹூஜா கம்பெனியின் சாதனங்களோ இன்று மூலை முடுக்கெல்லாம் பரவியிருக்கின்றன. நம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பெயரைப் பார்க்காதவர்கள் அபூர்வம்.

ஒரு பேச்சாளர், ஒரு மைக், ஒரு குழாய் என்று இருந்தவரையில் பெரிய சிக்கல் இல்லை. பாட்டு, பக்கவாத்தியம், கூத்து, நாடகம் என்று வந்ததும் பல மைக்குகள் வேண்டியிருந்தன. பல மைக்குகளிலிருந்து வரும் ஒலிகளை வேண்டிய அளவில் சேர்த்து ஒன்றாக்கித் தருவதற்குப் பிறந்ததே மிக்ஸர்.

சமையற்கட்டைப் போன்றது அது. ஒவ்வொரு மைக்கும் ஒரு வழியாக வந்து சேரும். முதல் திருகு, வரும் ஓசையின் பலத்தைச் சரிப்படுத்தும். அடுத்த சில திருகுகள் கனத்த ஒலியையும் நடு ஒலியையும் கூர்மையான ஒலியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும். மற்றொரு திருகு, பாடுகிறவருக்கே அவர் குரலைத் திருப்பி அனுப்பும். கடைசியில் ஃபேடர் என்ற தள்ளு குமிழ். எது எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை அது நிர்ணயிக்கும்.

ஊளையின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. குழாயிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுகிறது. ஆம்ப்ளிபயர் அதைப் பெருக்கிக் குழாய்க்கு அனுப்புகிறது. குழாய் மீண்டும் மைக்குக்குக் கொடுக்கிறது. வம்பு ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குப் போய்ப் பெருகுவதைப் போல, கண நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம் ராட்சசனாகிவிடுகிறது. எல்லா ஸ்வரங்களும் ஒரே சமயத்தில் ஊளையிடுவதில்லை. இடத்துக்கும் மைக்குக்கும் தக்கபடி ஏதோ ஒன்றுதான் முதலில் கிளம்பும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து அடக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன்.

பொருட்காட்சியில் கண்டவை

ஒலித் தொழிலாளர்களுக்காக மும்பையில் நடக்கும் அந்தப் பொருட்காட்சிக்குப் பாம் எக்ஸ்போ என்று பெயர். நம்முடைய காதில் அது வெடிகுண்டு மாதிரி ஒலித்தாலும், ஒலி, ஒளி, ஸங்கீதம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயர்தான். 2001-ல் தொடங்கிய இது கோரேகாவ் கண்காட்சி மண்டபங்களில் நடக்கிறது. மூன்று நாள் விழா. உள்ளே வரிசை வரிசையாகக் கடைகள். வெளியே திறந்த வெளியில் பெரும் ஒலிபெருக்கி வரிசைகளைத் தொங்கவிட்டு ஒலித்துக் காட்டுவார்கள்.

நம் மைக் செட்காரர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டால், ராஜசூய யாகத்து மண்டபத்துக்குள் நுழைந்த துரியோதனனின் நிலைதான் அவருக்கு ஏற்பட்டிருந்தது. தரையா ஜலமா என்று தெரியாமல் விழித்தாராம். "மிக்ஸர் என்று சொல்லுகிறார்கள், ஐயா, பார்த்தால் ஆகாய விமானத்தின் முன் பக்கம் மாதிரி இருக்கிறது. நான் கை வைக்கிறதற்குள் குமிழ்களெல்லாம் தாமாகவே மேலும் கீழும் ஓடுகின்றன! பேய் பிடித்த மேஜை என்று பயந்தேன்" என்றார்.

பேயல்ல, டிஜிட்டல் மிக்ஸர். அதற்குள் வரும் ஒலி ஒரு வினாடிக்கு 48,000 தடவை, சிலவற்றில் 96,000 தடவை, அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. திருகு செய்த வேலையை எண் செய்கிறது. எண்களாக இருப்பதால் அவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும். பகலில் பாரதப் பிரசங்கத்துக்கு வைத்த அளவுகளை ஒரு பெயரிட்டுச் சேமித்துவிடலாம்; இரவில் கூத்துக்கு வைத்ததை மற்றொரு பெயரில் சேமிக்கலாம். பொத்தானைத் தொட்டால் குமிழ்கள் தாமாகவே பழைய இடத்துக்கு ஓடி நிற்கும். அந்த ஓட்டத்தைக் கண்டுதான் அவர் பயந்திருக்கிறார்.

அவர் அங்கே கண்டு வியந்தவற்றுள் நமக்குப் பிரயோஜனமானவை நான்கு.

முதலாவது, ஊளையை அடக்கும் உபாயம். எந்த ஸ்வரம் கிளம்புகிறது என்பதைத் திரையில் கோடாகப் பார்க்கலாம். அந்த ஒரு ஸ்வரத்தை மாத்திரம் ஊசியால் குத்தி எடுப்பதுபோல் நறுக்கிவிடலாம். குரலின் மற்ற குணங்கள் கெடுவதில்லை.

இரண்டாவது, கம்பிச் சுமை குறைவது. மேடையிலிருந்து மிக்ஸர் வரையில் முன்பு ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு கம்பி. எல்லாவற்றையும் சேர்த்தால் மலைப்பாம்பு மாதிரி இருக்கும். இப்போது மேடையில் ஒரு பெட்டி. அங்கிருந்து கம்ப்யூட்டர்களை இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று போதும். சுமார் நூறு மீட்டர் வரையில் அது எட்டும்.

மூன்றாவது, கைப்பலகை. மிக்ஸர் மேடையோரத்தில் இருக்க, அதை இயக்குகிறவர் கையில் ஒரு சிறு கண்ணாடிப் பலகையோடு கூட்டத்துக்குள் நடந்து போகலாம். பாட்டி உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து, அவள் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டு, அங்கிருந்தே திருத்தலாம். "இதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது" என்றார்.

நான்காவது, தானே கலக்கும் உபாயம். அமெரிக்காவில் நாடக மேடைகளுக்கு ஒலி அமைத்துவந்த டான் டூகன் என்பவர் 1970-களில் இதைக் கண்டுபிடித்தார். பல மைக்குகள் இருக்கும்போது யார் பேசுகிறாரோ அவர் மைக்கை ஏற்றி, சும்மா இருப்பவர்களின் மைக்குகளை அது இறக்கிவிடும். மொத்தப் பலம் மாறாமலிருக்கும். நம் பட்டிமன்றங்களுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் இது பெரிய வரம்.

ஆர்கன் ரிப்பேர் செய்தவரின் கதை

பொருட்காட்சியில் யமஹா என்ற பெயரை அடிக்கடி பார்த்தாராம். "மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கு இங்கே என்ன வேலை?" என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் கதையை நான் அவருக்குச் சொன்னேன்.

1887-ல் ஜப்பானில் ஹமாமட்ஸு என்ற ஊரின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், அந்நிய தேசத்திலிருந்து வந்த ஆர்கன் ஒன்று பழுதாகிவிட்டது. நம் ஹார்மோனியத்துக்கு அது நெருங்கிய உறவு. யந்திரங்களைப் பழுது பார்த்துவந்த டோரகுஸு யமஹா என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பிரித்துப் பார்த்தார், சரி செய்தார். பிறகு, "இதை நாமே செய்தால் என்ன?" என்று கேட்டார். தாமே ஒன்று செய்து, தோளில் சுமந்து, ஹகோனே மலைப்பாதை வழியாக டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஸங்கீத நிபுணர்கள், வேலைப்பாடு சரி, ஸ்வரம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். யமஹா மனம் உடையவில்லை. அங்கேயே தங்கி ஸ்வர சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார், அது தேறிற்று.

அவர் ஆர்கன் செய்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1987-ல், அவருடைய கம்பெனி டி.எம்.பி. 7 என்ற டிஜிட்டல் மிக்ஸரைக் கொண்டுவந்தது. பிறகு பல தேசத்துக் கம்பெனிகள் போட்டியில் இறங்கின. ஜெர்மனியில் பிறந்த பெஹ்ரிங்கர் 2012-ல் எக்ஸ் 32 என்ற மிக்ஸரை வெளியிட்டது. அதற்கு முன்னெல்லாம் பெரிய முதலாளிகளே நினைத்துப் பார்க்கக்கூடிய இந்தச் சாதனம், அதன் பிறகு சிறு தொழிலாளிக்கும் தவணையில் எட்டும் சரக்காயிற்று.

கதையைக் கேட்டுவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்கே கடைக்குக் கடை வகுப்பு நடக்கிறது, ஐயா. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பேசுகிறார்கள். எனக்குப் பாதி புரிந்தது. மீதியைப் பக்கத்திலிருந்த ஒரு கோயமுத்தூர்ப் பையன் சொல்லிக் கொடுத்தான். வாங்கின மிக்ஸரோடு வந்த புஸ்தகத்தில் ஒரு வரி தமிழ் கிடையாது. யமஹாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காது இல்லாத ஊரா இது? சென்னையில் ஒலிக் கலப்பாளராக விளங்கிய எச். ஸ்ரீதர், "மகாநதி", "லகான்" முதலிய படங்களுக்காகத் தேசிய விருதுகள் பெற்றார். 2008 டிசம்பரில் அவர் காலமானபோது தேசமே ஒரு நல்ல காதை இழந்தது. நம் ஊரில் கை இல்லையா? சென்னைக்கு அருகே யமஹாவின் தொழிற்சாலை 2019-லிருந்து கீபோர்டுகளையும் கிதார்களையும் செய்துவருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகள் தயாராகின்றன. காதும் இருக்கிறது, கையும் இருக்கிறது. கிராமத்து மைக் செட்காரருக்குத் தாய்மொழியில் சொல்லிக் கொடுக்க ஒரு சிறு புஸ்தகமும் ஒரு வாரத்து வகுப்பும்தான் இல்லை. பாலிடெக்னிக்குகள் மனம் வைத்தால் இது பெரிய காரியமா?

சத்தமா, தெளிவா?

பொருட்காட்சியில் அவர் கற்ற மிகப் பெரிய பாடம் எந்தக் கடையிலும் விற்கப்படாதது. திறந்த வெளியில் பெரும் பெட்டிகளை முழங்கவிட்டபோது, அவற்றை இயக்கிய தொழிலாளிகள் பலர் தங்கள் காதுகளில் அடைப்பான் வைத்திருந்தார்களாம். "விற்கிறவனே காதை அடைத்துக்கொள்கிறான்; வாங்குகிறவன் யோசிக்க வேண்டாமா?" என்றார்.

யோசிக்கத்தான் வேண்டும். ஓசையை டெஸிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். இதில் பத்துக் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். ஆனால் அதற்குச் செலவாகும் மின்பலமோ பத்து மடங்கு. அதாவது, "போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு சத்தம்" என்று கமிட்டியார் கேட்டால், செட்காரர் பத்து மடங்கு சாதனத்தைச் சுமக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெஸிபலுக்கு மேல் போனால் காதுக்கு ஆபத்து என்பது உலகில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. பகலெல்லாம் தறியோசையில் இருந்துவிட்டு இரவில் பெட்டிக்கு முன்னால் உட்காருகிறவனுக்கு ஓய்வு எங்கே?

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளும் இதையே சொல்லுகின்றன. வீடுகள் நிறைந்த இடத்தில் பகலில் 55, இரவில் 45 டெஸிபல் என்பது நிர்ணயம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. உத்ஸவம் முதலியவற்றுக்காக ராஜ்ய சர்க்கார் நள்ளிரவு வரையில் அனுமதி தரலாம். அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. சட்டம் கூத்துக்கு விரோதி என்று சிலர் கோபிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூத்தின் குரலை விழுங்கியது சட்டமல்ல, குழாய்.

ஒரே மூலையிலிருந்து ஊர் முழுவதற்கும் முழங்குவதைவிட, சிறு பெட்டிகள் பலவற்றைக் கூட்டத்தின் நடுவே பரவலாக வைத்து, ஒவ்வொன்றையும் தணிவாகப் பேசவிடுவதே சிறந்த வழி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் குரல் பத்தில் ஒரு வினாடி தாமதித்தே வந்து சேரும். கம்பி வழியே வரும் ஒலியோ உடனே பெட்டியில் பேசிவிடும். இரண்டும் முன்பின்னாக விழுந்தால் வார்த்தை குழம்பும். டிஜிட்டல் மிக்ஸரில் அந்தப் பெட்டியைப் பத்தில் ஒரு வினாடி காக்க வைக்கலாம். அப்போது இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து, நடிகரே பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கும். புது யந்திரத்தின் உண்மையான பெருமை கத்துவதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது.

ஆடி மாதத்துக் கூத்து

பதினாறு மைக்குகளுக்கு இடமுள்ள சிறு டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றை அவர் இரண்டு வருஷத் தவணையில் வாங்கினார். ஆடி மாதம் வேறொரு கிராமத்தில் உத்ஸவம். எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார், போனேன்.

கூம்புக் குழாய் ஒன்றுகூட இல்லை. பந்தலில் ஆறு சிறு பெட்டிகள். மேடையோரத்தில் நடிகர்களைப் பார்த்தபடி ஒரு பெட்டி. அதிலே அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்டது. கூத்து வாத்தியார் கத்த வேண்டிய அவசியமில்லாமல் பாடினார். முகவீணையின் நடுக்கம்கூடக் காதில் விழுந்தது. நம்மவர் கையில் பலகையோடு கடைசி வரிசையில், பெண்கள் பக்கத்து ஓரத்தில் குந்தியிருந்தார். நள்ளிரவில் செட்டை நிறுத்தினார். ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பாயைச் சற்று முன்னே நகர்த்தினார்கள். மற்றவர்கள் வித்தியாசத்தையே கவனிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருபத்தைந்து வருஷத்துச் சந்தோஷம் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மறுநாள் கமிட்டித் தலைவர் கணக்குத் தீர்க்கும்போது, "எல்லாம் சரி. ஆனால் பக்கத்து ஊருக்குச் சத்தம் கேட்கவில்லையே! நம் உத்ஸவம் நடந்ததென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அடுத்த வருஷத்துக்கு வேறொரு செட்டைப் பேசப் போவதாகவும் சொல்லிவிட்டார். கூத்து வாத்தியார் மட்டும், "நாங்கள் ஆடுகிற இடத்துக்கெல்லாம் நீங்கள் வர வேண்டும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாரின் அன்பு பெரிதுதான். ஆனால் மாதத் தவணையை நிர்ணயிப்பது கமிட்டியார் அல்லவா?

நேயர்களே! அந்தக் கமிட்டித் தலைவரை நாம் பரிகசிக்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன நடக்கிறது? மாமாவும் அத்தையும் பத்து வருஷம் கழித்துச் சந்தித்து, ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் போய், "சற்றுத் தணித்து வையுங்கள்; பாட்டுக் கேட்க வேண்டும்" என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது? சத்தம் குறைந்தால் கௌரவம் குறையும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறவரையில், மும்பையிலிருந்து எத்தனை புது மிக்ஸர் வந்தாலும் பிரயோஜனமில்லை.

வருகிற முகூர்த்தத்தில் உங்கள் வீட்டில் விசேஷம் இருந்தால், மைக் செட்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போது அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒருவர், அப்படிச் சொல்லக்கூடிய ஒரு வீட்டாருக்காகத் தம் மிக்ஸரைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.